கூடை நிறையப் பயம்

எழிலரசிக்கு எழுத்து ஓடும். வேகமாகப் படிப்பாள் என்று எண்ணிவிட வேண்டாம். பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள்தான் அவளை விட்டு ஓடும். எட்டாம் வகுப்பில் பரிசோதித்து, டிஸ்லெக்சியா என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். அதுவரை சோம்பேறி என்றவர்கள் வாயை மூடினார்களா என்றால், அதுதான் இல்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. காதால் கேட்டே பாடத்தைத் தலையில் ஏற்றினாள். பிளஸ் டூ தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத, ஜம்மென்று தேறிவிட்டாள்.

அடுத்து பி.காம். இரண்டு கல்லூரிகள் டிஸ்லெக்சியா சான்றிதழைப் பார்த்ததுமே, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டன. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி மட்டும், "தெரிந்த தொழிலைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுது. எழுதுவதற்கு ஆள் தருகிறோம், வார்த்தை உன்னுடையதாக இருக்க வேண்டும். பார்த்துவிட்டு இடம் தருகிறோம்" என்றது. இதுவும் கைநழுவினால் இந்த வருஷம் வீட்டோடுதான்.

தொழிலுக்கா பஞ்சம்? பாரிவாக்கத்தில் அவர்கள் நிலம் மனைகளான பிறகு, அம்மா கோமளா நசரத்பேட்டை நெடுஞ்சாலையோரம் கொய்யாப்பழம் விற்கிறாள். அதையே சொல்வதென்று எழிலரசி முடிவு செய்தாள்.

பூந்தமல்லி வாசிப்புப் பயிற்சி மையத்தில் ஒத்திகை நடந்தது. எழுத வந்தவள் பவ்யா. கோயம்புத்தூரிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பம், பதினொன்றாம் வகுப்பு. காதில் விழுவதை அப்படியே எழுது, திருத்தாதே என்பது மையத்தின் கட்டளை. புண்ணியவதி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

எழிலரசி கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொல்லி முடித்து, படித்துக் காட்டச் சொன்னாள்.

பவ்யா படித்தாள். "என் அம்மா பயம் விற்கிறார். காலையில் கூடை நிறையப் பயம் இருக்கும். வெயில் ஏற ஏறப் பயம் வாடும். அயுகிய பயத்தை யாரும் வாங்க மாட்டார்கள்."

"இன்னாடி இது? எங்கம்மா பயமா விக்குது? பயம்டி, பயம்."

"அதைத்தானேக்கா எழுதியிருக்கேன்."

நம் பக்கத்து நாக்கு அப்படி. ழகரம் வந்தால் யகரமாக்கித்தான் வெளியே விடும். மழை மயையாகும், கோழி கோயியாகும். அவளையே வீட்டில் எயிலு என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எழிலரசிக்குச் சுருக்கென்றது. இப்படியொரு தாள் கல்லூரியில் போய் நின்றால், படிக்கத் தெரியாதவளுக்குப் பேசவும் தெரியாது என்பார்களே.

நாக்கை மடித்து மடித்துப் பழகினாள். நிதானமாகச் சொன்னால் ழ வந்தது, அவசரத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

"உடு பவ்யா. எயுதினதைப் படிக்கச் சொல்லி நானே தப்பைப் புடிச்சுக்கிறேன். கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது."

தேர்வன்று எழுத வந்தவள் அந்தக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவி. எழிலரசி சொல்லி முடித்ததும், "திருப்பிப் படிங்கக்கா" என்றாள். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் கூடுதல் நேரம் கீதுக்கா. படிங்க."

பயம் வந்த இடத்திலெல்லாம் எழிலரசி நிறுத்தினாள். "அது சாப்புடற பயம்க்கா. மயைக்கு வர்ற எயுத்தைப் போடுங்க." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திருத்தினாள். கடைசி வரி வந்தது. "சாயங்காலம் அம்மா வீடு திரும்பும்போது பயம் மிச்சம் இருக்காது." அதையும் திருத்தப் பேனாவைக் கொண்டுபோனாள்.

எழிலரசி அவள் கையைப் பிடித்தாள். பழம் என்று நினைத்துத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் காதில் விழுந்தது வேறு. விடியற்காலையில் கூடையைத் தூக்குமுன், இன்றைக்கு விற்குமோ விற்காதோ என்று வானத்தைப் பார்க்கும் அம்மாவின் முகம் கண்ணெதிரே வந்தது.

"இது வேணாங்க்கா. அப்பிடியே இருக்கட்டும்."

வணிகவியல் துறைத்தலைவி அவளை எதிரே உட்காரவைத்துத் தாளைப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"எல்லா இடத்துலயும் பழம். இங்க மட்டும் பயம்னு இருக்கு. எழுதினவங்க தப்பாம்மா?"

"இல்ல மேடம், சரியாத்தான் கீது. காலைல ரெண்டும்தான் கூடைல இருக்கும். அம்மா ரெண்டையும் வித்துட்டுத்தான் ஊட்டுக்கு வரும்."

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு சேர்க்கைப் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"உன் பேர் சொல்லும்மா. எழுதிக்கிறேன்."

"எயிலரசி, மேடம்" என்றாள். அவர் எழுதத் தொடங்குமுன் நிமிர்ந்து உட்கார்ந்து சேர்த்துக்கொண்டாள்: "மயைக்கு வர்ற எயுத்து."