ஐம்பத்தொரு பிள்ளைகள்

பொழுது புலரும் நேரம். கொதிநீரில் கிடந்த பால் புட்டிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள் நெட்டை. ஆவி முகத்தில் அடித்தது. விரல் நுனி எப்போதோ மரத்துவிட்டது. குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். பக்கத்தில் சின்னவள் மூத்திரத் துணிகளை அலசினாள். சமையல்காரி அடுப்படியில் இருந்தாள். ஆயாக்கள் என்று காகிதத்தில் இருப்பது இந்த மூவரும்தான்.

ஏழு மணிக்குள் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஐம்பத்தொரு பேர். உரிமம் முப்பதுக்கு. பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆயா என்பது விதி.

முதலாளியம்மா வேகமாக உள்ளே வந்தாள்.

"பத்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். தகவல் வந்துடுச்சு. இருபத்தோரு பிள்ளைங்கள வேன்ல ஏத்துங்க. நெட்டை, நீ கூடப் போ. இன்ஸ்பெக்டரம்மா கிளம்பினதும் போன் பண்றேன்."

ஒவ்வோர் ஆய்வுக்கும் இதே கூத்துதான். ஆய்வு முடியும்வரை வேன் ஊரைச் சுற்றும். போன முறையும் நெட்டைதான் போனாள். ஓடுகிற பிள்ளைகளை எண்ண முடியாது என்று இங்கே எல்லோரும் வாசல் அடுக்கில் செருப்பைத்தான் எண்ணுவார்கள். அன்று திரும்பியதும் அவளும் எண்ணினாள். சரியாக இருந்தது. ஆனால் அவசரத்தில் வெறுங்காலோடு தூக்கிப்போன ஒரு பெண்குழந்தையின் செருப்பு அடுக்கைவிட்டு நகரவே இல்லை. குழந்தை வேனின் பின்சீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றிய வேன், வெயில், முக்கால் மணி நேரம். டிரைவர் தற்செயலாகக் கதவைத் திறந்ததால் பிழைத்தது. தாயிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்கள். நெட்டை சொன்னாள். அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

"நான் ஏத்த மாட்டேன் மேடம்."

"என்னது?"

"வேன்ல ஏத்த மாட்டேன்."

"எண்ணத் தெரியாதவ நீ. அன்னிக்கே உன்னைத் துரத்தியிருக்கணும்."

"தப்பு என்னோடதுதான், இல்லைங்கல. ஆளுக்குப் பதினேழு பிள்ளைன்னா ரெண்டு கண்ணு பத்தலை. அதையும் சொல்றேன்."

"உரிமம் போனா மூணு பேரும் தெருவுல நிப்பீங்க. நீ ஏத்துடி," என்றாள் சின்னவளிடம்.

சின்னவள் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள். "எனக்கு வேன் ஒத்துக்காது மேடம். வாந்தி வரும்."

சமையல்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. "எனக்கும்தான்."

முதலாளியம்மா வாசலுக்குப் போனாள். "டிரைவர், வண்டிய எடுங்க!"

"ஸ்டார்ட் ஆகலை மேடம்."

"காலையில ஓடிச்சே?"

"காலையில ஓடிச்சு," என்றார் டிரைவர், வானத்தைப் பார்த்தபடி.

பத்து மணிக்கு ஆய்வாளரம்மா வந்தார். "முப்பதுதானே?" என்று கேட்டுக்கொண்டே, அறையை நிமிர்ந்து பார்க்காமல் எழுதத் தொடங்கினார்.

"ஐம்பத்தொண்ணு. எண்ணிப் பாருங்கம்மா," என்றாள் நெட்டை.

பேனா நின்றது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, சும்மா விளையாட..." என்றாள் முதலாளியம்மா.

"இருபத்தோரு பேருமா?" ஆய்வாளர் நெட்டையின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "எழுதினா பூட்டிடுவாங்க. தெரியுமில்ல?"

"பூட்டச் சொல்லலை. இன்னும் மூணு ஆயா போடணும்னு எழுதுங்க. போன தடவை ஒரு குழந்தைய வேன்லயே விட்டுட்டோம். விட்டது நான். அதையும் எழுதுங்க."

ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல்லேருந்து சொல்லுங்க."

வாக்குமூலத்தின் கீழே மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். டிரைவரும் வந்து போட்டார். என்ன ஆகும் என்று ஆய்வாளருக்கே தெரியவில்லை.

"நாளைக்கு ஒருத்தரும் உள்ளே கால் வைக்கக் கூடாது," என்றாள் முதலாளியம்மா.

"பிள்ளைங்க வருவாங்க. நாங்களும் வருவோம்," என்றாள் சமையல்காரி.

மாலையில் தாய்மார்கள் வேலை முடிந்து வந்தார்கள். வேனில் விடப்பட்ட குழந்தையின் தாய் துணி மில் சீருடையோடு வந்து மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். சின்னவள் நெட்டையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சமையல்காரி மறுபக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க. அன்னிக்குக் காய்ச்சல்னு சொன்னது பொய்," என்றாள் நெட்டை.

அந்தத் தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் வாசலைத் தாண்டப்போன மற்ற தாய்மார்களும் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி உள்ளே வந்தார்கள்.