எழும்பாத கோழி

முட்டை கிடக்கிறதா என்று பார்க்கக் கண்ணகை கையை நீட்டினாள். சிவலைக் கோழி மணிக்கட்டில் கொத்தியதோடு விடாமல், தோலைப் பிடித்து முறுக்கவும் செய்தது. அவள் கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தாள். கோழி இறகெல்லாம் சிலிர்த்து, பெட்டி நிறையப் பரந்து, தொண்டைக்குள் உறுமியபடி கிடந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு முட்டைகூட இல்லை.

மீன் ஏற்றுகிற பழைய றெஜிபோம் நுரைப்பெட்டியில் வைக்கோல் போட்டு விறகுக் கொட்டிலுக்குள் வைத்திருந்தாள். எல்லாக் கோழிகளும் முட்டையிடுகிற இடம் அது. இந்தச் சிவலை அடைக்குக் கிடக்கத் தொடங்கியதிலிருந்து மற்றதுகள் கிட்டப் போக முடியவில்லை. கொத்து வாங்கி ஓடி, வேலியோரப் பற்றைக்குள் முட்டையிட்டன. கீரி அவற்றைக் குடித்துவிட்டு வெறும் கோதை விட்டுப் போனது.

அடையைக் கலைக்கக் கண்ணகை எல்லாம் செய்து பார்த்தாள். கரப்புக் கூடையால் மூடி முற்றத்து வெயிலில் வைத்தாள். வாளித் தண்ணீரில் வயிற்றை நனைத்துவிட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட அது நேரே கொட்டிலுக்கே நடந்தது. பெட்டியைக் கவிழ்த்து வைத்தபோது கவிழ்ந்த பெட்டியின் மேல் ஏறிக் கிடந்தது.

"அறுத்துக் கறியாக்கிப் போடுகா. விறகெடுக்கக்கூட ஒண்ணாமக் கிடக்கு" என்றான் புருசன் வினாயகமூர்த்தி. வாவியில் வலை போடுகிறவன். அவன் காலிலும் கொத்துக் காயம் இருந்தது.

கண்ணகை பக்கத்து வளவில் சேவல் நிற்கிற வீட்டில் முட்டை கேட்டு வாங்கிவந்து, நீளக் காம்பு அகப்பையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். கோழி அகப்பையைக் கொத்தியது. பிறகு முட்டையை அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது. பார்த்துக்கொண்டு நின்றவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இனி அவள்ட வேலைய அவள் பாக்கட்டும்."

குஞ்சு பொரிக்கிற நாள் நெருங்கியபோது மழை பிடித்தது. விடாத மழை. வாவி வீதியைத் தாண்டி வளவுக்குள் வந்தது. பின்னேரம் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மற்றக் கோழிகள் மாமரத்தில் ஏறிவிட்டிருந்தன. பெட்டியைத் தூக்கப் போன கண்ணகையை முற்றத்திலேயே தண்ணீர் இழுத்தது. வினாயகமூர்த்தி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

வகுப்பறைப் பாயில் இருந்தும் அவளுக்கு அதே நினைவுதான். தாங்கள் கதவைப் பூட்டிவிட்டு வந்தாயிற்று. அது வந்திருக்காது. தண்ணீர் இறகைத் தொட்டாலும் எழும்பியிருக்காது.

காலையில் மழை தணிந்ததும் தோணியில் போனார்கள். கொட்டிலின் கூரை ஒருபக்கம் சரிந்து கிடந்தது. மிதந்து வந்த பெட்டி கூரைத் தடியில் செருகி நின்றது. கோழி அதற்குள் நனைந்து, பாதி உடம்பாகச் சுருங்கி, இரண்டு செட்டையையும் விரித்தபடியே கிடந்தது. வினாயகமூர்த்தி கையை நீட்டியதும் கொத்தியது.

அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அதையே பார்த்தான். "இஞ்ச பாரன். இந்தத் தண்ணிக்குள்ளயும் எழும்பல்ல."

பெட்டியை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கினான். கன்னத்திலும் ஒரு கொத்து விழுந்தது. "குடைய அவளுக்குப் பிடி" என்றான். அவன் நனைந்துகொண்டே கம்பை ஊன்றித் தோணியைத் தாங்கினான்.

"கோழியையுமா கொண்டு வந்த?" என்று வகுப்பறையில் ஒருத்தி கேட்டாள். "முட்டையெல்லாம் குளிர்ந்து போயிருக்குமே."

"அது அவளுக்குத்தான் தெரியும்" என்றாள் கண்ணகை.

கரும்பலகைக்குக் கீழே பெட்டியை வைத்தார்கள். மத்தியானம்போல் கோழி கழுத்தை வளைத்துத் தலையை நெஞ்சுக்கடியில் கொண்டுபோனது. இத்தனை நாளும் உறுமிய தொண்டையிலிருந்து சின்னதாக, தணிவாக ஒரு சத்தம் வந்தது. நிறுத்தியது. திரும்பவும் கூப்பிட்டது. கண்ணகை முழந்தாளிட்டு, முட்டைக்குள் குஞ்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கிட்டக் கொண்டுபோனாள். கூரைத் தகரத்தில் விழுந்த தூறல்தான் கேட்டது. வினாயகமூர்த்தி பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையமர்த்தினான். பேச்சு ஒவ்வொரு பாயாக அடங்கியது. கோழி தலையைச் சாய்த்து, கூப்பிட்டுவிட்டு, காத்துக்கொண்டிருந்தது.