ஒன்பது இல்லாத பெட்டி

டீச்சர் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அரைமணி நேரம் ஆகிவிட்டது. இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. பட்டறைக்காரர் வெளியே நின்றுகொண்டு, ஏற்கெனவே பளபளவென்று இருந்த மட்கார்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாலு வருஷம் உயிரைக் கொடுத்துத் தட்டி, ஒட்டி, வர்ணம் அடித்து எழுப்பிய பழைய கார். வாங்க வந்தவர் இப்படி ஆசையாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் உச்சி குளிர்ந்திருக்கும். இவருக்கோ அவர் இறங்கிப் போனால் போதும் என்றிருந்தது.

"அப்பா என்னையும் அண்ணனையும் இதுல வெச்சுத்தான் ஸ்கூல்ல விடுவாரு. நான் இந்த ஓரம், அண்ணன் அந்த ஓரம்," என்றார் டீச்சர்.

அவர் கையில் ஒரு பழைய இன்சூரன்ஸ் காகிதம். அப்பாவுடைய வண்டியின் சேசிஸ் நம்பர் அதில் இருந்தது; கடைசி எண் ஆறு. பதினோரு வருஷமாக அந்த நம்பரை வைத்துக்கொண்டு, பழைய வண்டி வாங்குகிறவர் விற்கிறவர் ஒருத்தர் விடாமல் விசாரித்திருக்கிறார். நேற்று விளம்பரத்தில் நம்பரைப் பார்த்தவர் இன்று கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருந்த நம்பரும், பதிவுப் புத்தகத்து நம்பரும், அவர் காகிதத்து நம்பரும் ஒன்றேதான்.

ஒன்றேதான், சரி. ஆனால் சட்டத்தில் அதை அடித்தது கம்பெனி இல்லை, பட்டறைக்காரர்.

ஒரு கோழிப்பண்ணையில் கோழிகள் அடைகிற கூடாகக் கிடந்த வண்டி அது. புத்தகம் இல்லை. நம்பர் இருந்த இடம் துருவேறி, தொட்டால் உதிர்ந்தது. உதிர்வதற்குள் மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பிறகு இரும்பில் எண் பதிக்கிற நம்பர் உளிகளை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். பிரதியில் கடைசி எண் ஒன்பது. உளிப்பெட்டியில் ஒன்பது கிடையாது. எந்தப் பட்டறையிலும் ஆறைத் திருப்பிப் பிடித்துத்தான் ஒன்பது அடிப்பார்கள். அவர் படுத்திருந்ததோ நம்பருக்குத் தலைகீழாக. ஆக, ஒன்பதுக்கு ஒருமுறை, படுத்திருந்த பக்கத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை திருப்ப வேண்டும். "சாப்பிட வரீங்களா, இல்ல நான் கவுத்து வெச்சிடவா?" என்று மனைவி கத்தியதில், ஒரு திருப்பலோடு சுத்தியலை இறக்கிவிட்டார்.

வெளியே வந்து பார்த்தால் ஆறு. அதை ராவி மறுபடி அடித்தால் திருட்டு வண்டி என்றுதான் எவனும் நினைப்பான். போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டார். வண்டிப் பதிவு அதிகாரி வந்து அந்த ஆறையே பார்த்து எழுதி, புதுப் புத்தகமும் கொடுத்துவிட்டார். இப்போது வாயைத் திறந்தால் வண்டியும் போகும், பட்டறைப் பேரும் போகும்.

"அண்ணன் இந்த சீட்டுக்கு அடியில ஆணியால கிறுக்கி வெச்சிருந்தான். காணோமே," என்று குனிந்து தேடினார் டீச்சர். பிறகு அவரே, "நீங்க தேய்ச்சு வர்ணம் அடிச்சதுல போயிருக்கும், இல்ல?" என்றார்.

கிறுக்கல் எதையும் பட்டறைக்காரர் பார்க்கவே இல்லை. தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்தது. கழுத்து அசைய மறுத்தது.

டீ கொண்டுவந்த மனைவி, "என்னங்க, தேய்ச்சே ஓட்டை போட்டுருவீங்க போல. அவங்களுக்குப் பதில் சொல்லுங்க," என்றாள்.

துணியைக் கீழே வைத்தார். உளிப்பெட்டியையும் பென்சில் பிரதியையும் எடுத்துவந்தார். ஒரு தகரத்துண்டில் ஆறு அடித்தார், உளியைத் திருப்பி ஒன்பது அடித்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி டீத் தம்ளரோடு அப்படியே நின்றாள்.

டீச்சர் பிரதியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"எதுக்கு இப்ப சொன்னீங்க? அண்ணன் படுத்த படுக்கையா கெடக்கான். வண்டி கெடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா நாங்க சந்தோஷமா இருந்திருப்போமே!"

"தப்புதாம்மா. ரெண்டு வருஷமா மனசு அடிச்சுக்குது."

"உங்க மனசு லேசாகணும்னு என் தலையில எறக்கிட்டீங்களா?"

டீச்சர் இறங்கினார். புடவையைச் சரிசெய்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்றுவிட்டார்.

"அப்ப, ஒம்பதுல முடியற வண்டிக்காரங்கன்னு யாரோ இருப்பாங்கல்ல? அவங்களும் என்னை மாதிரி தேடிக்கிட்டு இருந்தா?"

பட்டறைக்காரர் தரையைப் பார்த்தார். இதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருந்தார்.

"தேடினாங்க. போன மாசம் ஒருத்தர் போன் பண்ணாரு. தாத்தா வண்டியாம். ஒம்பதுல முடியற நம்பர், உங்ககிட்ட இருக்கான்னு கேட்டாரு. புத்தகத்துல ஆறுல்ல இருக்கு. எப்படி ஆமான்னு சொல்றது? இல்லைன்னுட்டேன்."

"எத்தனை வருஷமா தேடறாராம்?"

"கேக்கலை."

"நான் கேட்ட எடத்துல எல்லாம் இப்படித்தான் இல்லைன்னாங்க," என்றார் டீச்சர். "அதுல எத்தனை பேர் உங்களை மாதிரி சொன்னாங்களோ."

பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தனக்கு என்ன ஆகுமோ என்று மட்டுமே பயந்திருந்தார். அடித்த ஒரு எண்ணால் இரண்டு வீடுகளை அலையவிட்டது இப்போதுதான் உறைத்தது.

"அவர் நம்பர் இருக்கா?"

"போன்ல இருக்கும்."

"கூப்பிடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"அதிகாரிகிட்டயும் போகணும்மா. வண்டியைப் புடிச்சு வெச்சுட்டாங்கன்னா..."

"கூப்பிடுங்க."

மனைவி மேஜைமேல் இருந்த போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். பட்டறைக்காரர் இரண்டு முறை தவறான இடத்தில் அழுத்தினார். மூன்றாம் முறை மணி அடித்தது. டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, யாருங்க?" என்றது மறுமுனை.

பேரைச் சொல்லவில்லை, பட்டறையைச் சொல்லவில்லை. "இருக்குங்க," என்றார்.