ஜன்னல் அடுக்கத் தெரிந்த மாப்பிள்ளை

கண்ணுகளா, ஒரு மனிதன் நல்லவனா கெட்டவனா என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். சாப்பிடும்போது கவனிப்பவர்கள் உண்டு, கோபத்தில் கவனிப்பவர்கள் உண்டு. இந்தக் கதையில் வருகிற அப்பா இருக்கிறாரே, அவர் கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்ப்பார். திரையில் திறந்து கிடக்கிற பெட்டிகளுக்கு ஜன்னல் என்று பெயர், உங்களுக்குத் தெரியும். அந்த ஜன்னல்களை ஒருவன் எப்படி அடுக்கியிருக்கிறான் என்று பார்த்தே அவனுடைய பிறவியின் தரத்தைச் சொல்லிவிடுவார். தரம் எப்போதும் மட்டமாகத்தான் இருக்கும். அவருடைய சொந்தத் திரை மட்டும் விதிவிலக்கு.

செய்தித்தாள் ஒன்றில் பக்கம் கட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். செய்தியும் விளம்பரமும் இடுக்கில்லாமல் பத்தி பத்தியாக உட்கார வேண்டும் என்று ஆயுள் முழுக்க அலறியதால் அலுவலகத்தில் அவருக்குக் ‘கட்டம்’ என்று பெயர். ஓய்வு பெற்றும் வியாதி போகவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற மென்பொருளைப் போட்டு, ஜன்னல்கள் தாமாகவே கட்டம் கட்டமாக ஒட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார். ஒன்றைத் திறந்தால் திரை முழுக்க நிற்கும். இரண்டாவது வந்தால் ஆளுக்குப் பாதி. மூன்றாவது வந்தால் ஏதோ ஒன்று தன் பங்கைப் பிட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. கிளிக் செய்யக்கூட வேண்டியதில்லை. மவுஸின் அம்பு எந்த ஜன்னலின் மேல் நிற்கிறதோ, அடிக்கிற எழுத்து அதில் போய் விழும்.

இத்தனை ராஜபோகத்தையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஒரு கட்டத்தில் சதுரங்கம். ஒன்றில் வானிலை. இன்னொன்றில், கம்ப்யூட்டர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்கிற எண்.

“ஜுரம் வந்தா மாத்திரை குடுக்கலாம். அந்த மெஷினுக்கு என்னத்தக் குடுக்கிறது?” என்பாள் மருந்துக் கடை நடத்துகிற அவர் மனைவி.

அவர்களுக்கு ஒரே மகள். காது கேளாத கல்லூரிப் பிள்ளைகளுக்காக, ஆசிரியர் வகுப்பில் பேசப் பேச அதை அப்படியே வரிகளாக அடிப்பவள். வகுப்பு வீடியோவில் ஆசிரியர் குரலைக் கேட்டு இவள் வீட்டில் உட்கார்ந்து அடிப்பாள். அங்கே அந்தப் பிள்ளைகளின் திரையில் வரி ஓடும். அவள் ஒருவனை விரும்பினாள். விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டுகிற எடிட்டர் அவன். அப்பா சம்மதிக்காமல் கட்டிக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை, அவள் மனசுதான் தடுத்தது. அப்பா வாயால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துத் திரிகிற மாதிரி அவன் போகிற இடமெல்லாம் மேக் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவன், அன்றைக்கும் அதோடுதான் வந்தான். அப்பாவின் கண் அவன் முகத்துக்குப் போகவே இல்லை.

“தம்பி, அதைக் கொஞ்சம் திறங்க.”

திறந்தான். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு, மூலைக்கு ஒன்று நீட்டிக்கொண்டு, எண்ண முடியாத ஜன்னல்கள்.

“என்ன தம்பி இது, சலவைக்குப் போட்ட துணி மாதிரி?”

“குவிஞ்சு கெடந்தா என்ன சார்? விரலால மேல தள்ளுனா எல்லாம் தனித்தனியா விரிஞ்சு நிக்கும், பாருங்க.” தள்ளிக் காட்டினான்.

“விரியலையே, சிதறி ஓடுது. போலீஸ் வந்த மாதிரி.”

“பாக்க அழகா இருக்குல்ல?”

“அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்க. மூடிடுச்சா? கீழ பாருங்க, புரோகிராம் இன்னும் உள்ளயே உக்காந்திருக்கு. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வாசல்லயே நிக்கிற விருந்தாளி!”

எடிட்டரின் காது சிவந்தது. எழுந்து போய் அப்பாவின் திரையைப் பார்த்தான். பார்த்த பார்வையிலேயே அவனும் லேசுப்பட்டவன் இல்லை என்று தெரிந்தது.

“ஒவ்வொண்ணு திறக்கத் திறக்க மத்ததெல்லாம் பட்டினி கெடந்த மாதிரி மெலியுதே சார். பத்தாவது தபால் தலை சைசுக்கு வந்துடுமே, பூதக்கண்ணாடி வெச்சிருக்கீங்களா?”

“பத்தாவதுக்கு வேற மேடை, இன்னொரு காலித் திரை இருக்கு. ஒவ்வொரு மேடைக்கும் ஒரு நம்பர். கீயை அழுத்தினா அங்க போய் நிக்கும்.”

“விண்டோவைத் தேடுறதா, வாய்ப்பாடு ஒப்பிக்கிறதா?”

“ஏங்க,” என்றாள் அம்மா, “அந்தப் புள்ள எங்க வேலை பாக்குது, வீட்டுல யாரு யாருன்னு நீங்க இன்னும் ஒரு வார்த்தை கேக்கல.”

“கேக்கத்தானே போறேன்! தம்பி, இப்பத்தான் உங்க மேக்ல விண்டோ ஓரத்துல ஒட்டுற வசதி வந்துச்சாமே. விண்டோஸ்காரன் எப்பவோ குடிச்சு வெச்ச மிச்ச டீயைச் சூடு பண்ணிக் குடிக்கிறீங்களா?”

விண்டோஸ் என்ற பேச்சு எழுந்ததும் இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு சுளிப்பு வந்தது, கண்ணுகளா. அழுகிய எதையோ சேர்ந்தாற்போல மிதித்தவர்கள் மாதிரி.

“அதை ஒரு பேச்சுன்னு எடுக்காதீங்க சார். ஒரு விண்டோவைப் பிடிச்சு ஆட்டினா மத்ததெல்லாம் பயந்து கீழ ஒளிஞ்சுக்கும்.”

“மேல முட்டினா ஊதிப் பெருத்துடும்!”

“பக்கத்துல முட்டினா பாதியாயிடும்!”

இருவரும் சிரித்தார்கள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மகளுடைய லேப்டாப் இருந்தது. விண்டோஸ்தான். அதில் திரை முழுக்க ஒரே ஒரு ஜன்னல். வேறு ஏதாவது வேண்டுமென்றால் கீழே உள்ள பட்டையில் தொட்டு மாற்றிக்கொள்வாள்.

“இவ்வளவு பெரிய திரையில ஒண்ணே ஒண்ணா!” என்றான் எடிட்டர்.

“எப்பவும் அப்படித்தான் தம்பி. முழுத்திரை மகாராணி.”

“எனக்கு அது போதும்பா,” என்றாள் மகள். “நான் திரையைப் பாத்து அடிக்க மாட்டேன். சுவத்தைப் பாத்துக்கிட்டுதான் அடிப்பேன். காது ஒண்ணுதான் வேலை செய்யணும். கண்ணு குறுக்க வந்தா கை நின்னுடும்.”

இதை யார் காதில் வாங்கினார்கள்? காது நன்றாகக் கேட்கிற இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. அவள் டீ எடுத்து வர உள்ளே போனதும் லேப்டாப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். எடிட்டர் வகுப்பு வீடியோ வருகிற பெட்டியை இடது பாதியிலும், வரி அடிக்கிற பெட்டியை வலது பாதியிலும் ஒட்டினான். அப்பா உள்ளே தோண்டிப் போய், கிளிக் செய்யாமலே அம்பு நிற்கிற ஜன்னலில் எழுத்து விழுகிற வசதியைத் தேடிப் பிடித்து அதைப் போட்டுவிட்டார்.

மகள் தட்டோடு திரும்பி வந்தபோது, “மாப்பிள்ளை, நீங்க நல்லா வருவீங்க,” என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை! தட்டில் டீ தளும்பியது. எதற்காகக் கிடைத்த சம்மதம் என்று அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. பாவம், அன்றைக்கு முழுக்க அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள்.

மறுநாள் காலை வகுப்புக்காக லேப்டாப்பைத் திறந்தாள். திரை இரண்டாகப் பிளந்து கிடந்தது. மாற்றப் போன விரல் நின்றது. இரண்டு பேரும் சேர்ந்து ஆசையாகச் செய்து வைத்தது, இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அம்பு சமாசாரத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. வலது பக்கப் பெட்டியில் ஒரு முறை கிளிக் செய்தாள், சுவரைப் பார்த்தாள், அடிக்க ஆரம்பித்தாள்.

பாடம் எலும்புகளைப் பற்றியது. ஆசிரியர் வேகமாகப் பேசுகிறவர். இவள் விரல்கள் அவர் வாயோடு ஒட்டிக்கொண்டு ஓடின. நடுவில் முழங்கை மவுஸில் இடித்தது. அம்பு நகர்ந்து இடது பக்கம் போய் நின்றது. அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அடித்ததெல்லாம், எழுத இடமே இல்லாத வகுப்பு வீடியோவில் போய் விழுந்து மறைந்தது. தோள்பட்டை எலும்பு போனது, விலா எலும்பு போனது. அவள் சுவரைப் பார்த்தபடி அடித்துக்கொண்டே இருந்தாள்.

மேசைமேல் போன் ஒளிர்ந்தது. வகுப்பில் இருந்த காது கேளாத மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்.

‘அக்கா, ரொம்ப நேரமா வரி வரல. எல்லாரும் என்னமோ சிரிக்கிறாங்க. எதுக்கு? என்னைப் பாத்தா?’

மகள் சட்டென்று திரையைப் பார்த்தாள், வரி பாதியில் நின்றிருந்தது. ஆசிரியர் ஏதோ ஒரு சொத்தை நகைச்சுவை சொல்லியிருந்தார், அதற்குத்தான் சிரிப்பு. ‘உன்னைப் பாத்து இல்லடா’ என்று அவசரமாக எழுதிவிட்டு, வரிப் பெட்டியைத் திரை முழுக்க விரித்து, மவுஸைக் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்துவிட்டு மிச்ச வகுப்பை அடித்து முடித்தாள். விட்டுப்போன பாடத்தை ஞாபகத்திலிருந்து எடுத்து, அந்த நகைச்சுவையையும் சேர்த்து மாணவிக்கு அனுப்பினாள்.

பிறகு எடிட்டருக்குப் போன் செய்தாள்.

“நேத்து என் லேப்டாப்ல என்ன பண்ணீங்க?”

அவன் விளக்கினான். அவள் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

“அம்பு எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டு அடிக்கணும்ல? தப்பு மவுஸ்ல இல்லம்மா, ஆள்கிட்ட இருக்கு.”

“ஒரு பொண்ணு, தன்னைப் பாத்துதான் எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அது உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“அய்யோ, அதெல்லாம் பழகிடும். நான் ஒரு ஷார்ட்கட் சொல்லித் தரேன். இரு, முதல்ல இதை மாமாகிட்ட சொல்லணும். விழுந்து விழுந்து சிரிப்பாரு.”

போனை வைத்துவிட்டான். அவள் அறையிலேயே நின்றாள். சற்று நேரத்தில் கூடத்திலிருந்து அப்பாவின் சிரிப்பு கேட்டது. “சுவத்தைப் பாத்துக்கிட்டா! அடிச்சது பூராவும் அந்தரத்துலயா! நான் சொல்லல மாப்பிள்ளை?”

அவள் கூடத்துக்கு வந்தாள். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தார்.

“அப்பா, இந்தக் கல்யாணம் வேணாம்.”

சிரிப்பு போனுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நின்றது.

“என்னடீ இது? நேத்து வரைக்கும் நீதானே ஒத்தக் கால்ல நின்ன!”

“நேத்து வரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு நெனச்சேன். அதான் கவலையா இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது, நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு. ஒருத்தரோட இந்த வீட்டுல இருந்தாச்சு. இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டுப் போய் அங்கயும் அதே சிரிப்பைக் கேக்க என்னால ஆகாது.”

“ஒரு மவுஸுக்காகவா?” என்றது போன்.

அவள் திரும்பி அறைப்பக்கம் நடந்தாள்.

“இப்படி ஒரு பையன் மறுபடி கிடைப்பானாடீ?” அப்பாவின் குரல் உடைந்தது. மகளுக்காக உடைந்தது என்று நினைக்காதீர்கள். பேச்சுத் துணை போகிறதே என்று உடைந்தது.

“உங்களுக்குக் கிடைச்சிட்டாரேப்பா. நல்லா இருங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் அழுதாள். ஆசை வைத்தவனை ஒரே காலையில் பிடுங்கிப் போட்டால் வலிக்காதா? வலித்தது. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

கடைக்குக் கிளம்பி நின்ற அம்மாதான் கணவரின் மடியிலிருந்து போனை எடுத்தாள்.

“தம்பி, மாமாவைப் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க. டீ கிடைக்கும். பொண்ணு கிடைக்காது.”

கொஞ்சமாவது ரோஷம் உள்ளவன் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிப்பானா? அவன் வந்தான், கண்ணுகளா. மேக்கையும் தூக்கிக்கொண்டு வந்தான்.