நாலாவது பிளக்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் கழுவவில்லை. நேராக அப்பாவின் காரிடம் போய் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தாள்.

"இன்னிக்கேவா?" என்றான் அண்ணன்.

"காலையில நீ கிளம்பிடுவே. இன்னிக்கு சாயங்காலமே பழைய இரும்புக்காரன வரச் சொல்லியிருக்கே. நான் வேற எப்ப பாக்கறது?"

"செத்த வண்டிய வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"செத்ததுதானான்னு பாத்துட்டு அனுப்பறேன்."

அண்ணன் கெட்டவன் இல்லை. தூரத்திலிருந்து கவலைப்படுகிறவன். அப்படிப்பட்டவர்களுக்கு எதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட வேண்டும். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து கார் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்ற இடத்திலேயே நின்றது. போன மாதம் சாவியைத் திருப்பியபோது இருமல்காரனைப்போல இழுத்து இழுத்து அடங்கிப்போனது. அவளுக்கோ அதில்தான் பிழைப்பே இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள பேக்கரி வேலையை விட்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம் என்று தெருவில் மூன்று வீடுகளில் பேசியும் வைத்திருந்தாள். அப்பாவிடம் சொன்னபோது, "மொதல்ல பிரேக்கப் பழகு, ஹாரன அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஆசீர்வாதம் வராது.

எஞ்சின் மூடியைக் கழற்றி, பிளக்குக்கு மேல் செருகியிருந்த, அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைப் பிடித்து இழுத்தாள். நுனியிலிருந்து சொட்டியது. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழி நிறைய டீத்தண்ணீர் நிறத்தில் துருநீர்.

அம்மாவின் தம்பி வந்து எட்டிப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் எந்தப் பக்கம் போடுவது என்பதுதான்.

"மருமகளே, ஈறு அழுகி பயோரியா முத்திப்போச்சு."

"மாமா, சும்மா இருங்க."

"மழைத்தண்ணியா?"

"மழைய எங்க பாத்தீங்க?"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். அப்பாவின் ஜன்னலுக்கு மேலே ஏசிப் பெட்டி. அதன் வடிகுழாய் சுவரிலிருந்து நீண்டு, காரின் முன்கண்ணாடியும் பானெட்டும் சேரும் இடுக்குக்கு நேர் மேலே முடிந்தது. கோடை முழுக்க இரவும் பகலும் ஓடிய ஏசி. விடியற்காலையில்தான் யாரோ அணைத்திருந்தார்கள்.

அண்ணனும் நிமிர்ந்து பார்த்தான். வாங்கி மாட்டியவன் அவன்.

"என் ஏசியா?"

"ஆமா."

அவன் கண் குழாயைவிட்டு அகலவில்லை.

"அது இல்லன்னா அப்பா கோடையத் தாண்டியிருக்க மாட்டாரு," என்றாள் அவள். "தண்ணி எங்கியாவது விழுந்துதானே ஆகணும்."

தண்ணீரை எடுக்காமல் பிளக்கைத் திருகினால் அத்தனையும் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். துணியைத் திணித்துப் பார்த்தாள். எட்டவில்லை.

"ஒரு பெரிய சிரிஞ்ச் இருந்தா உறிஞ்சிடலாம்," என்றார் மாமா.

உள்ளே போனாள். அம்மா அப்பாவின் மெத்தையை ஜன்னலோரம் நிறுத்திக்கொண்டிருந்தாள். மேசையில், மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி ஏற்றும் சிரிஞ்ச் துணிமேல் காய்ந்துகொண்டிருந்தது. கழுவி வைத்தவள் அவள்தான், அடுத்த வேளைக்காக. எடுத்தாள்.

"எதுக்குடி?"

"காருக்கு."

அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "டியூப் வேணாமா? டிராயர்ல புதுசு இருக்கு பாரு."

நாலு குழிகளையும் உறிஞ்சிக் காயவைத்தார்கள். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். முதல் மூன்று பிளக்குகள் முனகிக்கொண்டே வந்தன. தலைப்பக்கம் பொரிந்து செதில் செதிலாக இருந்தது. நாலாவது அசையவில்லை. அவள் ஸ்பானரில் உடம்புப் பாரத்தைப் போட்டாள்.

"ஐயையோ, நிறுத்து!" மாமா அவள் கையைப் பிடித்தார். "அப்படி நெம்பினா தலை கையில வந்துடும், வேர் உள்ளயே நின்னுடும். அப்புறம் தாடையத்தான் அறுக்கணும்."

"இது பல்லு இல்ல மாமா."

"பிடுங்கறதுன்னா எல்லாம் ஒண்ணுதான். இந்தப் பக்கம் துளி, அந்தப் பக்கம் துளி. ஆட்டிக்கிட்டே இரு. அதுக்கே சலிச்சுப்போய் வந்துடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. உடைந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் இரும்புக்காரன்தான். அவள் துளி திருப்பினாள், துளி விட்டாள், மறுபடி ஸ்பிரே. முதுகெல்லாம் வேர்த்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பக்கம் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்த நர்ஸும் இதையேதான் சொன்னாள்: இழுக்காதே, அசைச்சு அசைச்சு நகர்த்து. ஸ்பானர் கிறீச்சென்றது. உடைந்துவிட்டது என்று நினைத்தாள். இல்லை, பிளக் சுற்றியது.

வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தலையெல்லாம் துரு. பிளக்கை இறுக்கும் வளையத்துக்குக் கீழே திருகு மரை பளபளவென்றிருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

"வேர் நல்லாயிருக்கு," என்றார் மாமா, தானே சிகிச்சை செய்ததைப்போல.

அண்ணன் கை நீட்டினான். "குடு." கைக்குட்டையில் பிளக்கைச் சுற்றிக்கொண்டு கேட்டைத் திறந்து போனான். இரும்புக்காரனிடம் காட்டத்தான் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை.

திரும்பியபோது அவன் கையில் நாலு புதிய பிளக்குகள் இருந்தன. விரலாலேயே திருக ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் போனில் பேசுவது கேட்டது: "இல்லண்ணே, வர வேணாம்... இல்லல்ல, வேற யாருக்கும் குடுக்கல. ஓடுற வண்டிண்ணே."

அது இன்னும் ஓடியிருக்கவில்லை.

காயில்களைத் துடைத்து மாட்டிவிட்டு, சார்ஜ் இறங்கிப்போன பேட்டரிக்கு மாமாவின் காரிலிருந்து ஒயர் போட்டார்கள். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, இருமியது, நின்றது. இரண்டாம் தடவை ஒரு பக்கம் நொண்டியது. மூன்றாம் தடவை வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிச் சீராகிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். அம்மா ஜன்னலுக்கு வந்து நின்றாள். யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற நாள் இல்லை அது.

"நிறுத்தாதே," என்றான் அண்ணன், ஒயரைக் கழற்றிப் பானெட்டை மூடியபடி. "பேட்டரி ஏறட்டும். ஒரு சுத்து போயிட்டு வா."

முற்றம் முழுக்க வாடகை நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை மாமாவும் இன்னொருவரும் நாற்காலியோடு நகர்த்தினார்கள். அவர் விழிக்கவில்லை.

அவள் கிளட்ச்சை விட்டாள். கார் துள்ளி நின்றது. அண்ணன் சிரிக்கவில்லை. பானெட்டுக்கு முன்னால் வந்து, அவளைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்தான். இரண்டு கைகளையும் நெஞ்சுப் பக்கம் மடக்கி மடக்கி, "வா... வா... ஸ்டியரிங்க லேசா ஒடி... வா..." என்றான். கேட்டைத் தாண்டினான், தெருவுக்கு வந்தான், அங்கேயும் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே பின்னுக்குப் போனான்.