மீட்டரில் இரண்டு லட்சம்

1

இந்தக் கதை மெக்கானிக் கமெனின் கராஜில் கிடைத்தது. குளிர்கால டயர் மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நான் பத்திரிகை படிப்பவனைப்போல, ஒரே பக்கத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் சம்பாத்தியம் இப்படித்தான். (சம்பாத்தியம் என்ற சொல் மிகை. அடுத்த திருத்தத்தில் எடுத்துவிட வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய ஷிப்கா கணவாயில் ஒரு பெண் தன்னந்தனியாக"

வேண்டாம். அன்று பனியே இல்லை.

இரண்டாவது: "ஒவ்வொரு எஞ்சினும் ஓர் இதயம்தான், அது"

இதை எழுதிய கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாவது: ருமியானா திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். கார் வெள்ளைப் புகை விடுகிறது.

இது போதும்.

3

எங்கள் ஊர் கப்ரோவோ. ருமியானா வேலை பார்த்த நூல் ஆலையை மூடிவிட்டார்கள். இரண்டு குளிர்காலம் வீட்டில் இருந்தாள். இப்போது ஷிப்கா கணவாயைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம், கசன்லக்கில், ஒரு முதியோர் இல்லத்தில் தலைமைச் சமையல்காரி வேலை கிடைத்திருக்கிறது. காலைப் பேருந்து போய்ச் சேரும்போது கிழவர்கள் கஞ்சி குடித்து முடித்திருப்பார்கள். ஆகவே கார். பழைய ஜெர்மன் டீசல். கொஞ்ச நாளாகத் தண்ணீர் குடிக்கிறது. மேட்டில் ஏறினால் சூட்டு முள் சிவப்பைத் தொடுகிறது.

மெக்கானிக் கமென் அவளுடைய தம்பி. இரண்டு வழி இருக்கிறது என்றான். எஞ்சினைத் திறந்து, தண்ணீரைக் கசியவிடும் கேஸ்கெட்டையும் கெட்டுப்போன ஒரு பிஸ்டனையும் மாற்றலாம். அல்லது இதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து வேறு எஞ்சின் வாங்கி மாட்டலாம். மீட்டர் காட்டும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் உண்மையென்றால் பழுதுபார்ப்பதே சரி. இந்த வகை டீசலுக்கு அது நடுவயது. அதற்கு மேல் ஓடியிருந்தால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று போகும். போகும் இடம் கணவாயாக இருக்கும்.

(கார் தெரிந்த வாசகர் கேட்பார்: சிலிண்டரின் அழுத்தத்தை அளந்தால் தெரியாதா? கமென் அளந்தான். மூன்று நன்றாக இருந்தது, ஒன்று மோசம். அளவு நோயைச் சொல்கிறது, வயதைச் சொல்வதில்லை.)

ஆகவே அவன் அக்காள் கணவன் ஸ்பாஸிடம் மீட்டர் நிஜமா என்று கேட்டான். ஸ்பாஸ் நிஜம் என்றான். அவன் முகத்தில் பொய்யின் அடையாளமே இல்லை.

4

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்பாஸை ஏமாற்றுக்காரனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவன்

(இந்த வாக்கியம் ஓடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.)

போன வசந்தத்தில் ஸ்பாஸ் இந்தக் காரை விற்க நினைத்தான். ஆள் வைத்து மீட்டரில் ஒரு லட்சம் குறைத்தான். இங்கே இது குற்ற உணர்ச்சி தருகிற காரியம் இல்லை. வாங்குபவன் எப்படியும் மனதுக்குள் ஒரு லட்சம் கூட்டிக்கொள்வான். குறைக்காவிட்டால் உண்மைக்கும் மேலே கூட்டுவான். நேர்மையானவனுக்குத்தான் நஷ்டம்.

தர்னோவோவிலிருந்து ஒருவன் காரைப் பார்க்க வந்தான். ருமியானா செய்த அடைத்த குடைமிளகாயை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மனைவியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனான். வரவில்லை. கார் வீட்டிலேயே நின்றது. குறைத்த எண்ணும் அதிலேயே நின்றது.

தினமும் பார்க்கிற எண். கொஞ்ச நாளில் ஸ்பாஸ் அதை நம்பிவிட்டான். ஆயில் மாற்றுவதையும் அதை வைத்தே தள்ளிப்போட்டான். யாரோ ஒருவனுக்காகச் சொன்ன பொய்யை எஞ்சின் குடித்துக்கொண்டிருந்தது. புகை வந்தபோது அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். இந்த வயதிலேயே இப்படியா என்றான்.*

* நானும் இந்தக் கதையை மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன். தேய்மானம் போகவில்லை.

5

கமென் ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனை இரண்டு பக்கத்துக்குத் துடைக்கவிட எனக்கு ஆசை. ருமியானா விடவில்லை.

"ஸ்பாஸ், எவ்வளவு குறைச்சே?"

"எதை?"

"குடைமிளகாய் தின்னுட்டுப் போனானே, அவனுக்காகக் குறைச்சியே, அதை."

ஸ்பாஸ் கூரையைப் பார்த்து ஒரு லட்சம் என்றான். ருமியானா தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டா அந்த ஸ்பேனரையே துடைச்சிட்டிருக்கே? இந்தக் கார எங்களுக்கு வித்தது நீதானே?"

கமென் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஒன்னரை லட்சம்க்கா."

"மச்சான், எங்கிட்டயேவா?" என்றான் ஸ்பாஸ்.

"நீ வெளியாளா இருந்தா ரெண்டு குறைச்சிருப்பேன் மச்சான்."

ஆக நாலரை லட்சம். தன் பங்கை மறைக்கத்தான் கமென் ஸ்பாஸிடம் மீட்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறான். (ருமியானா போட்ட கூட்டல் இதைவிட அதிகம். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று நான் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி மனதுக்குள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் வேறு எஞ்சின்தான் என்றான் கமென். கார் உடைப்பவனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். எஞ்சின் இருந்தது. அருமையான எஞ்சின். ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் ஓடியது என்றது குரல்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

(இந்த இடத்தில் உண்மையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.)

"அவனுக்கு அக்கா யாராவது இருக்காளான்னு கேளு" என்றாள் ருமியானா.

கமென் போனை அணைத்தான். அவள் காரைச் சுற்றி வந்தாள். பிறகு சொன்னாள்:

"இதையே சரி பண்ணு. இதோட பொய்யெல்லாம் எனக்குத் தெரியும்."

நாலரை லட்சத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றான் தம்பி. இரண்டு லட்சத்துக்கும் நீ தரவில்லையே என்றாள் அக்காள்.

6

கமென் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேஸ்கெட்டோடும் பிஸ்டனோடும் உட்கார்ந்தான். ருமியானா மீட்டர்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள்.

முடிவு ஒன்று: கார் கணவாயில் நிற்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள். அவளுக்கு வேலை போகும். எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: கார் ஏறிவிடுகிறது. நாலரை லட்சம் ஓடிய எஞ்சின். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவு மூன்று: தர்னோவோக்காரன் மனைவியோடு

இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை விடியற்காலை. ருமியானா ஸ்டியரிங்கில் இருக்கிறாள். ஸ்பாஸ் ஒரு குடம் தண்ணீரோடு வாசலுக்கு வருகிறான். புதிய காரியத்துக்குக் கிளம்புகிறவர் முன்னால் தண்ணீர் கொட்டினால் காரியம் தண்ணீர்போல ஓடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவன் குடத்தைச் சாய்க்கும்போது ருமியானா கண்ணாடியை இறக்குகிறாள்.

"தரையில ஊத்தாதே. ரேடியேட்டர்ல ஊத்து."

ஸ்பாஸ் பானெட்டைத் திறந்து ஊற்றினான். பாதிக் குடம் பிடித்தது. இப்போது மீதிக் குடத்தோடு சக்கரத்தின் முன்னால் நிற்கிறான். அவன் அவளைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்கிறான்.

தரையில் கொட்டுவதா, வழியில் தேவைப்படும் என்று பின் சீட்டில் வைப்பதா? சீக்கிரம் சொல்லுங்கள். அங்கே கஞ்சிக்குக் காத்திருக்கிறார்கள்.