வெளுக்காத தொட்டி

சைரன் அலறியது. கெமிஸ்ட் டீ டம்ளரும் கையுமாக ஓடினாள். சாயத் தொழிற்சாலையின் பின்கட்டில், கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் பாசித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தொட்டிக்காரர் முழங்கால்வரை நனைந்தபடி, வடிகட்டி வலையில் அப்பியிருந்த பச்சைப் பாசியை அள்ளி அள்ளி வாளியில் போட்டார். தோட்டத்து உரமூட்டைகள் இருக்கும் ஸ்டோர் ரூமின் சாவி அவர் இடுப்பில் ஆடியது.

"வலை அடைச்சுக்கிச்சும்மா. ஆனா பாருங்க, எப்படித் தளதளன்னு இருக்கு!" என்றார், தன் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

பின்னாலேயே மேனேஜரும் வந்துவிட்டார்.

"மூணு வாரமாச்சு. சாயக் கழிவுல இருக்கிற அந்தச் சல்போனிக் அமிலம் ஒரு சொட்டாவது குறைஞ்சிருக்கா? பாசி வளர்க்கவா உங்களை வேலைக்கு எடுத்தோம்? சாயங்காலம் தொட்டியைக் காலி பண்ணிடுங்க."

ஆய்வறையில் கண்ணாடி ஜாடிக்குள் இதே பாசிதான், இதே கழிவுநீர்தான். பதினைந்தாம் நாளே அமிலம் பாதியாகியிருந்தது. இரண்டு வருட உழைப்பு. இன்னும் ஐந்து மணி நேரத்தில் சாக்கடைக்குப் போகப்போகிறது.

கெமிஸ்ட் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஜாடிப் பாசி முதல் வாரத்தில் வெளிறியிருந்தது. கந்தகம் கிடைக்காத பசி அது. வேறு வழியில்லாமல்தான் அமிலத்திலிருந்த கந்தகத்தை வெட்டியெடுத்துத் தின்று மறுபடி பச்சையானது. தொட்டிப் பாசியோ ஒரு நாள்கூட வெளிறவில்லை. இத்தனை நாளும் அவளுக்கு அது பெருமையாக வேறு இருந்தது!

தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டாள். பால் போல் கலங்கியது. கந்தகம் உள்ள சல்பேட் உப்பு! கழிவுநீரிலிருந்து அதை முழுக்கப் பிரித்தெடுத்த பிறகுதானே தொட்டிக்கு விட்டிருந்தாள்?

குழாயோடு மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், யாரோ இதுக்குச் சல்பேட் உரம் போட்டிருக்காங்க. கந்தகம் சும்மாவே கிடைக்கும்போது, அது ஏன் கஷ்டப்பட்டு அமிலத்தை உடைக்கப் போகுது?"

மேனேஜர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் மச்சான் மாதிரிதான். எங்க வீட்டுல தட்டுல சோறு விழுற வரைக்கும் வேலை தேட மாட்டான்." சிரிக்காமலே சொன்னார். "சரி, இருக்கிற உப்பு தீரணும், அவ்வளவுதானே? பத்து நாள் தர்றேன். யார் போட்டது?"

"தெரியல சார்."

தொட்டிக்குத் திரும்பினாள். வலையைக் கழுவி மாட்டிவிட்டு, தொட்டிக்காரர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்து நாளைக்கு இதைப் பட்டினி போடணும்ண்ணே. வெளிறும், சாகிற மாதிரியே இருக்கும். யாரும் எதையும் போட்டுடக் கூடாது. அதைப் பார்த்துக்கிட்டே சும்மா இருக்கணும், அதுதான் இப்ப வேலை."

அவர் இடுப்பிலிருந்து ஸ்டோர் ரூம் சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்கங்கம்மா. அது வாடுறதைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது."